கரித்துண்டோடு கொழும்பு சுற்றிய நாள்

காலை 7.40, வெள்ளவத்தை. மருதானைக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு, ஐந்து ரூபாய். தூரம் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. பயணம் எழுதுகிறவர்கள் இமயமலைக்கும் இலண்டனுக்கும் போய்வந்து எழுதுவார்கள். நான் போனது, இருபது வருடமாகக் குடியிருக்கும் ஊருக்குள்ளேயே, தீப்பெட்டி அளவு கரித்துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு. அதைவிட நீண்ட பயணம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

கரித்துண்டு என்றால் அடுப்புக்கரி இல்லை. செப்புவால் ஒன்று தொங்கும் காபன் பிரஷ். மாத்தறைக்கு அப்பால் கடற்கரையில் நிற்கும் மூன்று காற்றாலைகளுக்கு நான் பராமரிப்புப் பொறுப்பாளன். காய்ந்த உப்புக்காற்றில் சிறகுகள் சுற்றச் சுற்ற, தலைமயிரில் சீப்பு இழுத்தால் ஏறுவதுபோல மின்னேற்றம் சேரும். சுழலும் தண்டை உரசிக்கொண்டிருக்கும் இந்தத் துண்டுதான் அதைக் கோபுரத்துக்குக் கடத்தித் தரையில் இறக்கவேண்டும். சிறகில் இடி விழுந்தாலும் இதுதான் வழி. பங்குனி முடிகிற நேரம். பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கியிருந்தது.

மூன்று நாளைக்கு முன்பு முதலாம் காற்றாலையை நிறுத்திவிட்டு, என்னுடைய டெக்னீசியன் சுனில் மேலே ஏறினான். தண்டுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனதும் படீரென்று அடித்தது. கை உதறிய வேகத்தில் கீழ்த்தட்டில் விழுந்தான். வலது கை இரண்டு இடத்தில் உடைந்தது. வீடு களுபோவிலவில் என்பதால் அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நான் புறப்பட்ட அன்று காலை ஒன்பது மணிக்கு ஒபரேஷன்; அந்தக் காற்றாலையிலிருந்து கழற்றிய தேய்ந்த பிரஷ்தான் என் பையில் இருந்தது.

என் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. பின்னேரம் மூன்று மணிக்குள் கொள்ளுப்பிட்டியிலுள்ள தலைமை அலுவலகத்தில் கொடுக்கவேண்டிய விபத்து அறிக்கை. "பாதுகாப்புப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நின்றது ஊழியரின் கவனயீனம்" என்று எழுதியிருந்தேன். பெல்ட்டைக் கழற்றியது உண்மை. அந்த ஒரு வரியோடு அவனுடைய வேலை போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். ரயிலில் கடல் பக்கத்து யன்னலோரம் இடம் கிடைத்தும் நான் கடலைப் பார்க்கவில்லை.

காலை 8.50, மருதானை. மோட்டார் சாமான் கடைகளில் நாலாவது கடை. முதலாளி, ஒரு முஸ்லிம் நானா, துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சைஸ் நம்மட்ட இல்ல மாஸ்டர். வெளிநாட்டுல இருந்து வரணும்."

"மூண்டு மாசமாகும் எண்டு சொல்லுறாங்கள் நானா. அதுக்கிடையில மழை வந்திடும்."

"அப்ப கொட்டாஞ்சேனைக்குப் போங்கொ. மெட்டில்டான்னு ஒரு பொம்புள ஈக்கிறா. ஹார்பர் கிரேன் மோட்டருக்கெல்லாம் அவதான் பிரஷ் வெட்டுற."

மூன்று கிலோமீட்டருக்கு நூற்றிருபது ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர். பேரம் பேசவில்லை. ஆமர் வீதிச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் பெயரைப் படித்ததும் சிப்பாயின் முகம் மாறியது. பையைத் திறந்தான். கறுப்புத் துண்டு, அதிலிருந்து தொங்கும் செப்புக்கம்பி. வெள்ளவத்தைத் தமிழன் ஒருவனுடைய பையில் போர் நடந்த அந்தக் காலத்தில் இருக்கக்கூடாத பொருள் ஒன்று இருந்தால், அது பார்க்க இப்படித்தான் இருக்கும். தெரிந்த சிங்களம் எல்லாம் எங்கோ ஓடிவிட்டது.

"மொகத மே, மாத்தயா?" என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

வாயால் சொல்ல முடியாமல் துண்டை வாங்கி, பக்கத்திலிருந்த மணல்மூட்டையில் ஒரு கோடு இழுத்தேன். கறுப்பாக விழுந்தது. அவன் தானும் வாங்கி ஒரு கோடு இழுத்தான். பிறகு தன் பெயரை எழுதத் தொடங்கி, பாதியில் மேலதிகாரி வருவதைக் கண்டு என்னிடம் திருப்பித் தந்துவிட்டான். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

காலை 10.15, கொட்டாஞ்சேனை. தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெரு. வீட்டின் முன்னறைதான் பட்டறை. மெட்டில்டாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கைகள் முழங்கைவரை கறுப்பு, கழுத்தில் வெள்ளிச் சிலுவை. துண்டை வாங்கி முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார். தேநீர் நிற மெழுகு போல ஒன்று உரிந்து வந்தது.

"அங்கிள், இதுக்கு யாரு கிரீஸ் பூசினது?"

நான் உரிந்து விழுந்ததைக் குனிந்து பார்த்தேன்.

"பிரஷ்ஷுக்குக் கிரீஸ் பூசலாமா? அதுக்கு மேல உப்பும் தூசும் ஒட்டிப் பாளமாயிருக்கு. கரண்ட் எப்படி அங்கிள் போகும்? பூசின ஆளைக் கூட்டிட்டு வாங்க, நல்லாக் குடுக்கிறேன்."

"வந்துதான் நிக்கிறன்," என்றேன். "நான்தான் பூசச் சொன்னனான்."

கடற்கரையில் இரும்பு என்றால் கிரீஸ் பூசு என்பதுதான் என் கொள்கை. துரு என்றால் எனக்கு அவ்வளவு பயம். மாதம் ஒருமுறை அசைகிற எல்லாவற்றுக்கும் பூசவேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தேன். எனக்குப் பின்னால் பையன்கள் 'கிரீஸ் சேர்' என்று சொல்வதும் தெரியும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அந்தப் பெருமைதான் சுனிலைத் தள்ளி விழுத்தியிருக்கிறது. வெட்கத்தில் காது சுட்டது.

சுனில் மேலே அடிபட்டு விழுந்ததைச் சொன்னேன்; மெட்டில்டா அதற்குமேல் ஏசவில்லை. "தண்டோட விட்டம் எவ்வளவு?" என்று கேட்டார். அதையும் நான் அளந்து வரவில்லை. அவர் தேய்ந்த துண்டின் வளைவை ஒரு பால்மா டின்னில் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. மண்ணெண்ணெய்ப் பீப்பாவில் வைத்தார்; அதுவும் இல்லை. கண்ணைச் சுருக்கி யோசித்தவர் எழுந்து குசினிக்குள் போய், காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். துண்டு அதில் அப்படியே படிந்தது.

"அக்கா! சோறு அரைவேக்காட்டுல நிக்குது!" என்று உள்ளே தங்கை கத்தினார்.

"அரை மணித்தியாலம் பொறு. காத்தாலைக்கு மேல ஒரு ஆள் செத்திருப்பான், உனக்குச் சோறுதான் பெருசு."

சிலிண்டரில் உப்புத்தாளைச் சுற்றி, கிரேன் பிரஷ் கட்டையிலிருந்து வெட்டிய புதுத் துண்டுகளை அதன்மேல் தேய்த்துத் தேய்த்து வளைவு எடுத்தார். மூன்று காற்றாலைக்கும் மூன்று. அவர் தேய்க்கும்போது நான் அவருடைய பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து வாங்கி, அறிக்கையைப் புதிதாக எழுதினேன். காரணம் கிரீஸ், உத்தரவு என்னுடையது, கீழே என் கையெழுத்து. பழையதைக் கிழித்து அவருடைய குப்பைக் கூடையில் போட்டேன்.

பிற்பகல் 1.20. முச்சந்தியிலிருந்த கொமினிகேஷன் கடையிலிருந்து காற்றாலைத் தளத்துக்குப் போன் எடுத்து, மற்ற இரண்டையும் நிறுத்தச் சொன்னேன். நாளைக்கு நான் வரும்வரை ஒருவரும் ஏறவேண்டாம் என்றேன். 2.35க்குக் கொள்ளுப்பிட்டி. முகாமையாளர் பில் தாளை இரண்டு தரம் வாசித்தார். "உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும்," என்றார். "வரட்டும்," என்றேன். படியிறங்கும்போது உடம்பு இலேசாக இருந்தது.

மாலை 5.00, களுபோவில. தெகிவளைச் சந்திவரை பஸ், பிறகு ஆட்டோ. விசாரித்து விசாரித்து வார்டைக் கண்டுபிடித்தேன். சுனில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஐந்து விரலையும் எனக்கு ஆட்டிக் காட்டினான். கம்பி வைத்துப் பொருத்தியாயிற்று, கை பழையபடி வருமென்று டாக்டர் சொன்னாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

வழியெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்த மன்னிப்பு வசனத்தைத் தொடங்க வாய் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான். எங்களுக்குள் எப்போதும் சிங்களம்தான்.

"சேர், ஒன்று சொல்லவேணும். ஏசவேண்டாம். மூன்று நாளாகப் பயத்தில் நித்திரையே இல்லை. இரண்டாம் காற்றாலைப் பிரஷ்ஷுக்கு நான் இதுவரை கிரீஸ் பூசியதேயில்லை. அங்கே மேலே இடம் நெருக்கம், பஞ்சி பிடித்துச் சோம்பலில் விட்டுவிட்டேன். பூசியதாகப் புத்தகத்தில் எழுதினேன். அதில் ஏறும் ஆளுக்கும் எனக்கு நடந்தது நடந்தால், பாவம் என்னைத்தானே சேரும்?"

நான் அவன் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினேன். அடக்க முடியவில்லை. தாதி வந்து அதட்டினார். அவனுடைய மனைவி நான் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். மெட்டில்டா சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். கிரீஸும் என்னுடையது, குற்றமும் என்னுடையது, அறிக்கை போய்விட்டது என்றேன். சுனில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

"அப்ப வேலை இருக்கா சேர்?"

"இருக்கு."

"அந்தக் கிரீஸ் டின்னைக் கடலில் போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். கேட் பிணைச்சலுக்குப் பூசுவோம்."

வெளியே வந்தபோது முதல் இடி முழங்கியது. பஸ்ஸில் ஆட்கள் அவசரமாக யன்னல் சட்டரை இறக்கினார்கள். வெள்ளவத்தையில் இறங்கும்போது நல்ல மழை, கடல்மேல் மின்னல் கிளை கிளையாக விழுந்தது. அங்கே தெற்கில் மூன்று காற்றாலைகளும் நிற்கின்றன, அவற்றில் ஒருவரும் இல்லை என்ற நினைப்பில் நிம்மதியாக நனைந்துகொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டாமலே, காலையில் கொடுக்கவென்று அறிக்கைக்கு ஒரு பின்குறிப்பு எழுதினேன்: "இரண்டாம் காற்றாலையின் பிரஷ் நல்ல நிலையில் இருக்கவேண்டும். ஊழியர் சுனில் என் உத்தரவை அங்கே நிறைவேற்றவில்லை. அவருக்கு என் நன்றி."