பொரி தின்ற மீன்கள்

மானகிரி வீட்டுத் தோட்டத்தில் ராமநாதன் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசிப் பத்து நாளாயிற்று. பாதியிலேயே வாய்க்குள் பூச்சி போய்விடும். கடிக்காத பொடிப்பூச்சிதான், ஆனால் அல்லிக்குளத்தின் மேல் தூண் தூணாக எழும்பி நிற்கும். ஒரு தூணின் உச்சியில் காக்கை உட்கார்ந்து இளைப்பாறியது. நான் பார்க்கவில்லை, பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பழைய வீட்டை அவர் விடுதியாக்கிய நாள் முதல் தோட்டம் முத்தழகின் பொறுப்பு. நின்ற இடத்தில் நிற்க மாட்டாள், சாப்பாடுகூட நடந்துகொண்டேதான். அல்லிக் கிழங்கைச் சாக்கோட்டைக் கண்மாயிலிருந்து ஈரச்சாக்கில் சுமந்துவந்து நட்டவள் அவள்தான்.

"பன்னெண்டு நாள்ல மண் லாரி வருது, முத்தழகு. குளத்தை மூடிப் புல்லு போட்டு..." ராமநாதன் இருமினார். "விருந்தாளி காப்பியில எல்லாம்..." மறுபடி இருமினார்.

"மூடிட்டீகன்னா நான் எங்குட்டுப் போறதுங்கய்யா?"

புல்லுக்கு நீர்விட ஒரு குழாய் போதும், தோட்டக்காரி எதற்கு? அன்றைக்கே வேப்பிலைப் புகை போட்டாள். விருந்தாளிகள் இருமினார்கள், பூச்சிகள் இருமவில்லை. கரையிலிருந்த விளக்கைக் கொல்லைப்பக்கம் மாற்றினாள். பூச்சிகள் கொல்லையையும் பார்த்துவிட்டுத் திரும்பின. பூச்சியாகிப் பறக்குமுன் புழுவைத் தின்னட்டும் என்று அவள் முன்பே விட்டிருந்த கெண்டைக் குஞ்சுகளோ வயிறு உப்பி, அசையாமல் கிடந்தன. கையைவிட்டு அடிச்சேற்றை அள்ளினாள். நெளியும் சிவப்புப் புழுக்களோடு ஊறிப்போன பொரி!

மறுநாள் விடியலில் வாழை மறைவில் காத்திருந்தாள். நொண்டி நொண்டி வந்தது ராமநாதனின் தாயார் சாலா ஆச்சி. முந்தானை நிறையப் பொரி.

"ஆச்சி! நீங்கதானா?"

"கத்தாதாத்தா. மருமக முழுகாம இருக்கா. திருக்கோஷ்டியூர்த் தெப்பக்குளத்து மீனுக்கு நாப்பத்தெட்டு நாள் பொரி போடுறதா வேண்டிக்கிட்டேன். முழங்கால் விடலை. பெருமாளுக்கு எல்லாக் குளமும் ஒண்ணுதானே?"

"பெருமாளுக்கு ஒண்ணு. மீனுக்கு அப்படியா? வயிறு நெறஞ்ச மீனு புழுவைத் திரும்பிப் பாக்குமா? மிச்சப் பொரி அழுகி, புழுவுக்கும் பந்தி வச்சிட்டீக."

ஆச்சி முந்தானையை இறுக்கிப் பிடித்தார். "பூச்சி மொய்க்குதுன்னு அவன்கிட்டப் புலம்பினதே நாந்தான். குளத்தையே மூடுவான்னு கண்டேனா?"

"எத்தனை நாள் ஆச்சு?"

"இருபத்தொண்ணு."

"மிச்சத்துக்கு நான் போறேன். வேண்டுதல் உங்களுது, காலு என்னுது."

அன்று முதல் பொரியோடு முதல் பஸ்ஸில் திருக்கோஷ்டியூர். திரும்பி வந்ததும் குளக்கரைக்கு ஓட்டம். மூன்று நாள் மீன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன. நாலாம் நாள் பசி பொறுக்காமல் சேற்றைக் கிளறின. சாயங்காலந்தோறும் தூண்களை எண்ணினாள். ஆறு. அப்புறம் நாலு. ஒன்பதாம் நாள் ஒன்று. தூக்கம் வரவில்லை.

பத்தாம் நாள் லாரி வாசலில் வந்து நின்றது. ராமநாதன் வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி குளக்கரைக்கு வந்தார். சுற்றிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். மெல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் உள்ளே போகவில்லை.

"லாரியைத் திருப்பிவிடு," என்றார்.

பிறகு வெட்டாத புல், ஒழுகும் குழாய், சாய்ந்த வேலி என்று கால்மணி நேரம் மூச்சுவிடாமல் திட்டினார். மூன்று வாரத்துப் பேச்சு பாக்கியிருந்ததல்லவா? முத்தழகு குளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ஒரு பூச்சியையாவது மிச்சம் வைத்திருக்கலாம்.