உட்கார்ந்திருந்தவருக்கு ஒப்பாரி

என் தங்கை ஆண்டாள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பில்ராம்பட்டு சாவில் நான்கு பெட்டி வைத்துப் பாட்டுப் போட்ட ஸ்பீக்கர் செட்டை ஜெயித்தாள். செட்டுக்காரரே வயரைப் பிடுங்கிவிட்டு வந்து அழுதார். வருடக்கணக்கில் முகம் பார்க்காத மூன்று ஓரகத்திகளை ஒரே பாயில் உட்கார வைத்து, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழ வைத்தாள். தொண்டை கட்டியிருந்த நாளிலும் பாடி, கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டாள். கடைசியாக, உயிரோடு இருந்த ஒருவருக்கு ஒப்பாரி வைத்து, அவரிடமே நல்ல பேர் வாங்கினாள். இதை ஊரில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

நாங்கள் மணலூர்பேட்டை. ஆண்டாள் கரும்பு வெட்டப் போவாள். சாவு விழுந்தால் பாடக் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் எனக்குப் பிடித்த பாட்டுக்காரிகள் இரண்டு பேர். ஒருத்தி சாலம்மாள். அவள் குரல் ஆற்றுக்கு அந்தக் கரையில் கேட்கும். ஆனால் செத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ராசா, தங்கம், தேரு என்றே பாடுவாள். ஆண்டாள் அப்படி இல்லை. போனதும் செத்தவரின் செருப்பைத் தேடுவாள். எங்கே கழற்றிப் போடுவார், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு அவரைத் திட்டுவதுபோல் பாடுவாள். ராசா போனதற்கு யாரும் அவ்வளவாக அழுவதில்லை. வாசலில் கிடக்கிற செருப்பைச் சொன்னால் தாங்க மாட்டார்கள்.

போன ஆனி மாதம் எலவனாசூர்கோட்டையிலிருந்து போன் வந்தது. ஒரு பெரியவர் தவறிவிட்டார், பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வந்தால் தெருவில் பந்தல் தெரியும், பேனர் வைத்திருக்கிறது, நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டிருக்கிறது என்றார்கள். எங்கள் பக்கம் பிணத்தை உட்கார வைப்பதுதான் வழக்கம்.

ஆண்டாள் பள்ளிக்கூடம் போனதில்லை. இறங்கி உள்ளே போனாள். பந்தல் இருந்தது. பேனர் இருந்தது; அதில் கருப்புக் கண்ணாடி போட்டு, காதில் போன் வைத்தபடி ஒருவர் சிரித்தார். பேனருக்குக் கீழே நாற்காலியில் அதே ஆள், கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காலடியில் ஊக்கு குத்திய செருப்பு. அவர் வெற்றிவேல் மேஸ்திரி. அன்று அவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். செத்தவர் வீடு அடுத்த தெருவில் இருந்தது.

ஆண்டாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

காதுல போன வச்சவரே – நீங்க
கடைசியா யாரோட பேசுனீங்க
ஊக்கு குத்துன செருப்ப வுட்டு – இப்போ
ஊரு தாண்டி எப்படிப் போவீங்க

இலை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இலையைப் போட்டுவிட்டு வந்து மாரடித்தார்கள். ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. அவள் பாடினால் யோசிக்க முடியாது. மேஸ்திரியின் மனைவி ரங்கம்மாள் சமையல் பக்கத்திலிருந்து ஓடிவந்து பார்த்தாள். எல்லோரும் அழுகிறார்கள், புருஷன் தலை தொங்கியிருக்கிறது. அவளும் விழுந்து அழுதாள்.

சத்தத்தில் மேஸ்திரி விழித்துக்கொண்டார். எல்லோரும் அழுவதைப் பார்த்ததும் அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"இன்னா ஆச்சு? யாரு பூட்டாங்க?" என்றார்.

ரங்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நீங்கதான்" என்றாள்.

ஆண்டாள் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தாள். அடிக்க வந்தார்கள் என்று சிலர் சொல்வது தவறு. பிரியாணி கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

வினை மறுநாள் வந்தது. மேஸ்திரிக்கு விக்கல் எடுத்தது, நிற்கவில்லை. பாதி ஒப்பாரி வாங்கினவன் பாதி செத்தவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் போகிற இடமெல்லாம் விக்கிக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னார். அதோடு ஆண்டாளை எந்தச் சாவுக்கும் யாரும் கூப்பிடவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுச் சாவிலேயே சாலம்மாள்தான் வந்து ராசா, தேரு என்று பாடினாள். ஆண்டாள் எங்கள் வாசலில் நின்று கேட்டாள். செத்தவர் செருப்பைக் கால் மாற்றிப் போடுவார், அதைப் பாட ஆளில்லையே என்று அன்றைக்குச் சோறு தின்னவில்லை. பாட்டு போய்விட்டால் அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். வைத்த ஒப்பாரியைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதித் தந்தால் ஊருக்குச் சொல்கிறேன் என்றார். எழுதியும் வைத்திருந்தார். ஆண்டாள் கட்டை விரலை நீட்டினாள்.

"கைநாட்டு வாணாம்மா. அது பொணத்துகிட்டயும் வாங்கலாம். எங்க பெரியப்பன் சொத்து அப்படித்தான் போச்சு. கையெழுத்து போடு. உசுரோட இருக்கறவங்க போடறது அதான்" என்றார். நடுவில் இரண்டு விக்கல்.

நான் எட்டாவது படித்தவள். எழுதிக் காட்டுகிறேன் என்றேன்.

"நீ எழுதி நான் பாத்தா அது உன் கையெழுத்துதான், அக்கா. எந்த பேனர் என்னை ஏமாத்துச்சோ அதையே படிச்சிக்கிறேன்" என்றாள்.

அன்றிலிருந்து பேனர் கண்ட இடத்தில் நின்றாள். இது சாவா பிறந்தநாளா என்று போகிறவர் வருகிறவரைக் கேட்டாள். கண்ணீர் அஞ்சலியிலிருந்து ண் எடுத்தாள். பிறந்தநாளிலிருந்து ள் எடுத்தாள். ஆட்டோ நிறுத்தப் பலகை ஆ கொடுத்தது. டா மட்டும் கிடைக்காமல் அலைந்து, டாக்டர் வீட்டுப் பலகை எதிரில் நின்று பார்த்தாள். உள்ளே வரச் சொன்னார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, எழுத்துக்குத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆற்று மணலில் எழுதி எழுதிப் பழகினாள்.

மேஸ்திரி வீட்டுக்கு மறுபடி போனோம். காகிதத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு நான்கு எழுத்தும் போட்டாள். ள் கொஞ்சம் கீழே இறங்கியது, மற்றபடி தப்பில்லை. மேஸ்திரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விக்கல் வருகிறதா என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை.

கீழே குனிந்து, ஊக்கு குத்திய செருப்பைக் கால்விரலால் முன்னால் தள்ளினார்.

"இத்த மாத்தல. நெஜமாவே நான் போனா மீதிப் பாட்ட நீதான் வந்து பாடணும். வாசல்ல இன்னா எழுதிகீதுன்னு படிச்சிட்டு உள்ள வா" என்றார்.

அன்றைக்கே அவர் சொந்தத்தில் ஒரு சாவுக்கு ஆண்டாளைக் கூப்பிட்டார்கள். அவள் கையெழுத்து போட்ட அந்த நாள், 2025 செப்டம்பர் 11, வியாழக்கிழமை.