முயல் புழுக்கையும் தோடம்பழ நிற உருண்டைகளும்

பிரஷர் குக்கரில் முயல் புழுக்கை அவியும் மணம் உங்களில் யாருக்காவது தெரியுமா? ஈர வைக்கோலும் பழைய தேயிலைச் சாயமும் கலந்த மாதிரி...

நான் மைக்ரோபயாலஜி கடைசி வருடம் படித்தபோது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் முழுக்க அந்த மணம்தான்.

"என்னடி மணக்குது?"

"ப்ரொஜெக்ட் அம்மா..."

மூடியைத் திறந்து பார்த்த அம்மா, பிறகு அந்தக் குக்கரில் பருப்பு அவிக்கவே இல்லை.

விஷயம் இதுதான். மற்றக் கிருமிகளை வேட்டையாடித் தின்னும் ஒரு வகை பாக்டீரியா மண்ணில் இருக்கிறது. ஈர மண்ணின் மேல் அவித்த முயல் புழுக்கையை வைத்துக் காத்திருந்தால் அது வந்து ஏறும். அதைப் பிடித்து, என்ன இனம், என்ன குணம் என்று சொல்வதுதான் என் ப்ரொஜெக்ட். சொல்லாவிட்டால் டிகிரி இன்னொரு வருடம் இழுபடும்.

மண், ஃப்ளாட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் அள்ளியது. முயலுக்கு எங்கே போவது? கொட்டாஞ்சேனையில் என் சிநேகிதி டெல்சியின் அப்பா மொட்டை மாடியில் முயல் வளர்த்தார்.

"முயல் வேணுமா மகள்? வெள்ளையா, கறுப்பா?" என்று ஆசையாகக் கேட்டவரிடம் எனக்கு வேண்டியதைச் சொன்னேன். மனிதர் டெல்சியைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனாலும் பிஸ்கட் டின் நிறையத் தந்துவிட்டார்.

புழுக்கையில் மெல்லிய படலம் ஒன்று ஊர்ந்தது. அதை எடுத்து மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் பிளேட்டில் வளர்த்தேன். அது உருண்டையாக எழும்பும், அந்த வடிவத்தை வைத்துத்தான் இனத்தைச் சொல்லலாம் என்று புத்தகத்தில் இருந்தது. என்னுடையது எழும்பவே இல்லை.

அந்த நேரம் பார்த்து நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போனது, கேம்பஸ் மூடியது. "வீட்டில வச்சுப் பாருங்கோ, ஆக்களுக்கு ஒண்டும் செய்யாது" என்றார் ப்ரொஜெக்டுக்குப் பொறுப்பான மேடம். பேக்கரி ஈஸ்ட்டையும் அகார் என்கிற கடற்பாசி ஜெல்லியையும் குக்கரில் அவித்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கேஸும் முடிந்தது. அம்மா கடைசி சிலிண்டரை ஆட்டிப் பார்த்தார்.

"ஒருதரம்தான் எரியும் போல. சோறோ, உன்ர பூச்சியோ?"

சோறுதான். வேறென்ன சொல்வது...

அதற்குப் பிறகு கீழே கார் பார்க்கில் கல் வைத்து, விறகு மூட்டி, எல்லா வீட்டுக்காரரும் ஒன்றாகச் சமைத்தோம். ஒருவர் பருப்பு, ஒருவர் தேங்காய். மூன்றாம் மாடி அன்ட்ரியின் பெயர் ஃபரீனா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அதுவரை லிஃப்டில் சிரித்ததோடு சரி.

எல்லாருடைய சோற்று அடுப்பில் என் ஈஸ்ட்டை அவிக்க முடியுமா? மேலே என் பிளேட்டுகள் பட்டினி. படலம் மங்கி, சுருங்கி, காய்ந்துகொண்டே வந்தது. என் வருடம் போய்விட்டது என்று அழுதே விட்டேன்.

ஒரு காலை, குப்பையில் போடத்தான் கையில் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஏதோ மினுங்கியது. பவுன் கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. வைத்துப் பார்த்தால்...

உருண்டைகள்! தோடம்பழத்தின் ஆரஞ்சு நிறத்தில், ஊசி முனையளவில், பிளேட் முழுக்க!

ஃபோட்டோ அனுப்பியதும் மேடம் சிரித்தார். "நீங்க சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்தா அதுகள் ஏன் எழும்பப் போகுது?"

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாப்பாடு முடிஞ்சவுடன எல்லாம் ஒரு இடத்துக்கு வந்து சேருதம்மா. லட்சக்கணக்கில. ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறித்தான் இதைக் கட்டுதுகள். கனக்கச் செத்துப்போகும். உள்ளுக்கு இருக்கிற கொஞ்சம் வித்தாகிக் காத்திருக்கும்."

அம்மா லென்ஸை வாங்கி வைத்துப் பார்த்தார்.

"ஆர் சாகிறது, ஆர் மிஞ்சிறது எண்டு ஆர் முடிவெடுக்கிறது?"

"தெரியாதம்மா. இன்னும் ஒருத்தருக்கும் முழுசாத் தெரியாது."

அம்மா லென்ஸை என் கையில் தந்தார். அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். மூளை இல்லை, கண் இல்லை, ஒரு முருங்கை மரத்தடி மண்... அதற்குள் இப்படி ஒரு ஊர்!

கேம்பஸ் திறந்ததும் மற்றதெல்லாம் நடந்தது. நிறம், வடிவம், சூட்டில் மற்றவை செத்தும் வித்துகள் பிழைத்தது, கடைசியாக டிஎன்ஏ. மிக்ஸோகொக்கஸ் குடும்பம். புதிய இனம் இல்லை, நான் பிறக்க முன்பே யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். "அப்ப உன்ட பெயர் இல்லையா?" என்று டெல்சிக்குத்தான் கவலை.

இப்போது ஒரு குளிர்பானக் கம்பனியில் வேலை. "பாக்டீரியா எதுவும் இல்லை" என்று கையெழுத்துப் போடுவதற்குத்தான் சம்பளம். வீட்டில் எப்போதும் ஒரு சிலிண்டர் மேலதிகமாக இருக்கிறது. கல் அடுப்பு இருந்த இடத்தில் யாருடையதோ வெள்ளைக் கார். ஃபரீனா அன்ட்ரியும் நானும் மறுபடி லிஃப்டில் சிரிப்பதோடு சரி.

போன ஞாயிறு அலுமாரி ஒதுக்கும்போது லேபில் வடிகட்டும் தாள் ஒரு துண்டு அகப்பட்டது. அந்த உருண்டைகளை அதில் ஒற்றிக் காயவைத்திருந்தேன். இத்தனை வருடம்... சும்மா ஒரு ஆசையில் ஈஸ்ட் பிளேட்டில் வைத்தேன்.

இன்று காலை தாளின் ஓரத்திலிருந்து படலம் ஊர்ந்து வெளியே வந்திருக்கிறது.

"அம்மா, உயிரோட இருக்கு!"

அம்மா ஓடி வந்து பார்த்தார். பிறகு சிங்குக்குக் கீழே குனிந்து, அந்தப் பழைய குக்கரை இழுத்து எடுத்தார்.

"இந்த முறை கேஸ் இருக்கு பிள்ளை. அதுகளுக்கும் வடிவா அவிச்சுப் போடு."