அப்பாவின் காதுக்குள் ஓடிய பாட்டு

எங்கள் அப்பா மன்னாரில் பிறந்தார். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர், அமைதியானவர் என்று அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். அப்பா அமைதியானவர்தான். அவர் போட்ட பாட்டுகள்தான் எங்களை அமைதியாக இருக்கவிடவில்லை.

இளமையில் கோயில் பெருநாட்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி கட்டி இசைத்தட்டுப் போட்டவர். தான் கேட்பதை ஊரே கேட்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே ஊறிவிட்டது. போர் துரத்தப் பாரிசுக்கு வந்து, அங்கே ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா வந்து இறங்கிய குளிர்காலத்தில் அறையில் போர்வை ஒன்றுதான் இருந்ததாம். கட்டிலுக்குக் கீழே மட்டும் பெட்டி பெட்டியாகக் கசெற்றுகள். இந்தக் கதையை அம்மா உங்களில் பலருக்கும் சொல்லியிருப்பார்.

பிறகு சீடி வந்தது. அரிசி வாங்கத் தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ காய் தெருவுக்குப் போனவர் அரிசியை மறந்து சீடியோடு வருவார். கசெற்றில் இருந்த அதே பாட்டுகள். கேட்டால், "இதிலை இரைச்சல் இல்லைப் பிள்ளை" என்பார். அம்மா ஏசுவார், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், நான் காதைப் பொத்திக்கொண்டு படிப்பேன். பின்னர் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொன்னார். ஒரு விடுமுறை முழுவதும் குந்தியிருந்து ஏற்றினேன். முடித்துக் கொடுத்தபோது, "இப்ப எல்லாம் போனிலையே வருதாம்" என்றார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

கடைசியில் காது மந்தமானது. காதுக் கருவி பொருத்தினோம். போனிலிருந்து அந்தக் கருவிக்கு நேரே பாட்டு வரும் என்று கடைப்பெண் காட்டிக் கொடுத்துவிட்டார். அன்றோடு தொலைந்தோம். ஊருக்கே கேட்ட பாட்டு அவருக்கு மட்டும் கேட்டது. வீடு அமைதியானது என்று மகிழ்ந்தால், நாங்கள் பேசுவதும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. மருந்து குடித்தீர்களா என்றால் "ஓம்" என்பார். நாளைக்கு டொக்டரிடம் போக வேண்டும் என்றால் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார். மறுநாள் வெளிக்கிடமாட்டார். நான் சொல்வதை ஒருமுறையாவது முழுதாகக் கேட்டுவிட மாட்டாரா என்று ஏங்கினேன்.

வருத்தம் முற்றி வைத்தியசாலையில் சேர்த்தபோது அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் விழித்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன். உடம்பைப் பாருங்கள் என்று எத்தனை தரம் சொன்னேன், கேட்டீர்களா, இனி அம்மா தனியாக என்ன செய்வார் என்று. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒருவழியாகக் கேட்டுவிட்டார் என்று அழுதேன். திரும்பினால், அம்மாவின் மடியில் அப்பாவின் போன். அவர் காதுக் கருவிக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நான் கதைச்சுக்கொண்டிருக்கேக்கை ஏனம்மா பாட்டுப் போட்டனீங்கள்?"

"நீ மனுசனை ஏசிக்கொண்டிருந்தாய் பிள்ளை. அதுதான் போட்டுவிட்டனான்."

மறுநாள் காலை அப்பா எங்களை விட்டுப் போனார்.

புறநகர் பியர்ஃபித்திலிருந்து ஒவ்வொரு நாளும் சோறு கட்டிக்கொண்டு வந்த மாமிக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மாவோடு அன்று கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அப்பாவின் காதில் கடைசியாக என் ஏச்சு விழாமல் பார்த்துக்கொண்டதற்கு, அம்மா, உங்களுக்கு என் நன்றி.