அழாமல் சிவந்த கண்

எனக்குக் கல்யாணம் ஆனது எண்பதுகளின் தொடக்கத்தில். அம்மா வீடு சுங்குவார்சத்திரம்; என்னைக் கொடுத்தது சேரப்பணஞ்சேரியில். என் கணவருக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிடுவார். வீட்டில் நானும் மாமியாரும்தான். மாமியார் கோபக்காரர் இல்லை. பேச்சுதான் குறைவு. எந்நேரமும் யாராவது பேசிக்கொண்டே இருக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த அமைதி பழகவே இல்லை.

இரண்டாம் மாதம் என் கணவர் ஒரு நெயில் பாலிஷ் சீசா வாங்கி வந்தார். நல்ல சிவப்பு. அம்மா வீட்டில் அதற்கெல்லாம் அனுமதி கிடையாது. அதனாலேயே ஆசையாக இருந்தது. வாரம் இரண்டு தடவை பூசிக்கொள்வேன். காயும்வரை விரல்களை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு.

சில வாரம் கழித்துக் கண்ணிமைகள் அரிக்க ஆரம்பித்தன. பிறகு சிவந்தன, வீங்கின, தோல் உரிந்தது. மாமியார் பன்னீரில் நனைத்த துணியை இமைமேல் போட்டுப் பார்த்தார். கண்வலி என்று நினைத்துச் சொட்டு மருந்தும் வாங்கிக் கண்ணில் விட்டார். எதிலும் குணமாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அம்மா என்னைப் பார்க்க வந்தாள். வாசலிலேயே என் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"இன்னாடி இது? அழுதியா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கை கன்னத்தில் பட்டதும் அதிலேயே முகத்தைச் சாய்த்துக்கொண்டேன். என்னைத் தொட்டு ஒருவர் விசாரித்து எத்தனை நாள் ஆகியிருந்தது! நான் வாயே திறக்கவில்லை. அம்மா அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"பத்து நாள் எங்கூட இருக்கட்டும்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு என்னை அழைத்துப் போனாள். அவள் திட்டுவாளே என்று கிளம்பும் முன் பிளேடால் நகத்தைச் சுரண்டிவிட்டேன். சீசாவை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். அம்மா வீட்டில் இமைகள் தானாகவே ஆறின. பத்தாம் நாள் கண்கள் பழையபடி ஆகிவிட்டன.

"பாத்தியா, அந்த வூட்ட வுட்டு வந்ததும் சரியாப் பூடுச்சு" என்றாள் அம்மா. அப்போதும் நான் மறுத்துச் சொல்லவில்லை.

திரும்பிப் போன மறுநாளே மறுபடி பாலிஷ் பூசினேன். ஒரே வாரத்தில் கண் முன்னைவிட மோசமாக வீங்கியது. யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது, அம்மா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் வராமல் தெருவில் நின்றே கத்தினாள்.

"எம் பொண்ண அழவெச்சே கொன்னுடுவியா நீ? கண்ணப் பாரு, எப்டி கீதுன்னு!"

அக்கம்பக்கத்தார் வெளியே வந்து நின்றார்கள். மாமியார் கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

செய்தி தெரிந்து என் கணவர் லீவு போட்டு வந்தார். என்னை மெட்ராஸில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்த டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டு, உடனே கையை நீட்டச் சொன்னார்.

"இத எப்பலேர்ந்து போடறீங்க?"

சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை நாம் நம் கண்ணைத் தொடுகிறோம் என்பது நமக்கே தெரியாது என்றார். நகத்துக்கும் விரலுக்கும் ஒன்றும் ஆகாது; இமைத் தோல் மெல்லியது, பாலிஷ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அங்கேதான் காட்டும் என்று விளக்கினார்.

"வேற நல்லதா ஏதாவது இருக்குதா?" என்று கேட்டேன். என் கணவர் சங்கடத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உள்ள இன்னா கலக்கறாங்கன்னு சீசா மேல எழுதறதில்லம்மா. மொதல்ல கண்ணு முழுசா ஆறட்டும். அப்புறமும் ஆசை இருந்தா, முழங்கை மடிப்புல ஒரு சொட்டு தடவிக் காயவிட்டு ரெண்டு நாள் பாருங்க. அரிச்சா தூக்கிப் போட்டுடுங்க."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

"நகச்சாயமா?" என்றார். பொறுக்கிய கல்லை ஓரமாகப் போட்டுவிட்டு, "அது உனக்குத் தெரியாது. சரி. ஆனா நான் உன்ன அழவெக்கலன்னு உனக்குத் தெரியும் இல்ல? உங்கம்மா தெருவுல நின்னு கத்தினப்போ அத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார்.

"தப்புதான் அத்தை" என்றேன். அவர் அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விஷயம் தெரிந்ததும் அம்மா பழம் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தாள். மாமியார் காப்பி கொடுத்தார், உட்காரவில்லை. "உங்க பொண்ணு கண்ணு நல்லாயிட்டா போதும்" என்று மட்டும் சொன்னார். அதுவரை அம்மாவைச் சம்மந்தியம்மா என்று கூப்பிட்டவர், அதன்பிறகு அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

இவ்வளவு நடந்தும் எனக்கு ஆசை விடவில்லை என்பதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இமைகள் ஆறி மூன்று மாதம் கழித்து சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஃபேன்சி கடையில் பாலிஷில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன்.

"உள்ள இன்னா கீதுன்னு எனக்கு எப்டிமா தெரியும்? எந்தக் கலர் வோணும், அதச் சொல்லு" என்றார் கடைக்காரர்.

ஒவ்வொன்றாக மூன்று சீசா வாங்கி டாக்டர் சொன்னபடி கையில் தடவிப் பார்த்தேன். இரண்டு அரித்தன. வெளிர் ரோஸ் நிறத்தில் இருந்த மூன்றாவது ஒன்றும் செய்யவில்லை. அதையும் திருநாளுக்கு மட்டும், கால் நகத்தில் மட்டும் பூசினேன். பூசிய மறுநாள் காலையில் மாமியார் என்னிடம் காப்பி டம்ளரை நீட்டும்போது முதலில் என் இமைகளைத்தான் பார்ப்பார். அது அக்கறையா, இன்னொரு பழி வந்துவிடுமோ என்ற பயமா? நான் கேட்டதில்லை.

மகள் பிறந்ததும் அதையும் விட்டுவிட்டேன். அவளுடைய ஞானஸ்நானத்தன்று அம்மா கோயிலில் ஒரு பக்கமும் மாமியார் இன்னொரு பக்கமும் நின்றார்கள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்தேன். பிறகு, அவர்கள் நேருக்கு நேர் கைமாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்து, நானே வாங்கிக்கொண்டு போய் மாமியாரிடம் கொடுத்தேன்.