துடக்கு நாளில் ஐஸ் ஹாக்கி

பெரியப்பா டொரொண்டோவில் மோசம் போய்ப் பன்னிரண்டாம் நாள், நானும் அப்பாவும் அம்மாவுக்குச் சொல்லாமல் ஐஸ் ஹாக்கி பார்க்கப் போனோம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாளும் கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை. அம்மா டிவி கூடப் போட விடவில்லை. அப்பா தன் அண்ணனின் செத்தவீட்டுக்குப் போகவில்லை. அகதி வழக்கு முடியாமல் கிடந்தது. இங்கிலாந்தை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அப்பா வேலைக்குப் போனார், வந்தார்.

அந்த வருஷம் கனடாப் பக்கத்துப் பெரிய அணிகள் இரண்டை லண்டனுக்குக் கொண்டுவந்து ஆடவிட்டார்கள். சனம் சேர்ந்தால் இங்கேயே ஓர் அணி தொடங்குவார்கள் என்று பேச்சு. லண்டன்காரருக்கோ அந்த விளையாட்டே தெரியாது. கதிரைகளை நிரப்பப் பள்ளிக்கூடங்களுக்குச் சும்மா டிக்கெட் கொடுத்தார்கள். எனக்கும் இரண்டு கிடைத்தது.

வேண்டாம் என்பார் என்று நினைத்துத்தான் அப்பாவிடம் காட்டினேன். அவர் டிக்கெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். போவம் என்றார். அம்மா என்ன சொல்லுவா என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு நான் சொல்லுறன்."

சொல்லவில்லை. சனிக்கிழமை அம்மா கடை வேலைக்குப் போனதும் கோட்டைப் போட்டார். ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறி, வெஸ்ட் ஹாமில் மாறினோம். தெரிந்த முகம் ஏதாவது ஏறுகிறதா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மண்டபம் பெரிது. உள்ளே குளிர். சோசேஜ் வாசம் வந்தது. மச்சமாச்சே, வாங்கித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. பாதிக் கதிரை அப்படியும் காலிதான். ஆட்டம் தொடங்கியதும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பந்துக்குப் பதில் ஒரு கறுப்பு வட்டு. அது எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

அப்போதுதான் அறிவிப்பாளர் சொன்னார், இந்த ஆட்டம் கனடாவில் நேரடியாகப் போகிறதாம், எல்லோரும் கமராவுக்குக் கை காட்டுங்கள் என்று. சனம் எழும்பிக் கை காட்டியது. நான் தொப்பியை இழுத்துப் பின்னலை உள்ளே விட்டேன். இங்கே பின்னேரம் என்றால் அங்கே மத்தியானம். பெரியப்பா வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள்.

"அப்பா, கனடாவில காட்டுறாங்களாம். பெரியம்மா ஆக்கள் பாத்தால்?"

"பாக்கட்டும்."

ஆட்டத்தை மூன்று பகுதியாக ஆடுவார்கள். முதல் பகுதி முடிந்ததும் சனம் சாப்பிட எழும்பிப் போனது. எங்கள் வரிசையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். டிராக்டர் மாதிரி ஒரு வண்டி ஐஸ் மேல் வந்தது. கீறல் விழுந்த ஐஸைச் சுரண்டி, தண்ணீர் விட்டு, கண்ணாடி போல ஆக்கிக்கொண்டு மெல்ல மெல்லச் சுற்றியது. அதுவரை சாய்ந்திருந்த அப்பா முன்னுக்கு வந்து குந்தினார்.

"பெரியப்பா ஓடினது இதுதான், பிள்ளை."

பெரியப்பா கனடாவில் ஏதோ வண்டி ஓடுகிறார் என்று தெரியும். லொறி என்று நினைத்திருந்தேன். எனக்கு இப்போது வண்டியா முக்கியம்? கமரா எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மேலே தொங்கிய திரையில் அப்பா வந்தார். பஸ் அளவு முகம். கன்னம் இரண்டும் ஈரம். குளிருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நினைத்தேன்.

"அப்பா, குனியுங்கோ."

குனியவில்லை. திரையையும் பார்க்கவில்லை. வண்டி போகும் பக்கமெல்லாம் அவர் தலை போனது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வந்திருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்க வாய் எடுத்தார். போன் அடித்தது. எடுத்தார், கேட்டார், எங்களைப் பார்த்தார்.

"கனடா அண்ணி. உங்களை டிவியில கண்டவவாம். துடக்கோட எங்கை போனனீங்கள்?"

அங்கேயும் துடக்குத்தானே, டிவி எப்படிப் போட்டார்கள் என்று அம்மா கேட்கவில்லை. நான் தொப்பியைக் கழற்றாமல் சுவரோடு நின்றேன்.

அப்பா போனை வாங்கி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"ஓம் அண்ணி. அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"வண்டிக்காரன் மூலையில கொஞ்சம் விட்டிட்டான். அண்ணை எண்டால் விடார்."

அந்தப் பக்கம் பெரியம்மா சத்தம் வைப்பது நான் நின்ற இடத்துக்கே கேட்டது. ஏச்சு விழுகிறது என்று நினைத்தேன். அடுத்தது எனக்கு என்று காத்திருந்தேன். அம்மாவும் ஏசத்தான் நின்றார். ஆனால் அதைக் கேட்டதும் அப்பாவின் கோட்டை வாங்கிக் கதவுக்கு வெளியே போட்டார்.

அப்பா போனை வைத்துவிட்டு நேரே குளியலறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தலை முழுகினார். அவர் கேட்காமலே அம்மா துவாயைக் கொண்டுபோய் நின்றார்.

செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்கள் முழுகிவிட்டுத்தான் வீட்டில் புழங்குவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. இந்தக் குளிரில் முழுகுகிறார், காய்ச்சல் வந்தால் அதுவும் என்னால்தான் என்று பயந்துகொண்டு நின்றேன்.