குதிரைக்கும் விரதம்

மலேசியாவில் சுங்கை பூலோவில் ஒரு லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட வருஷங்களில் ஒரே ஒரு குதிரையை நான் பட்டினி போட்டேன். ரேஸ் ஓடி ஓய்ந்த குதிரை. பிள்ளைகள் சவாரிக்குப் பழக்கிவிடலாம் என்று முதலாளியிடம் அடம்பிடித்து வாங்கவைத்ததும் நான்தான். வந்த வாரமே இரண்டு பேரைக் கீழே தள்ளியது. தைப்பூசம் முடிந்து ஒரு மாதத்துக்குள் விற்காவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ரேஸ் குதிரைக்கு ஓட்ஸ்தான் திமிர். வேறு வேலைக்குத் திருப்பும்போது ஓட்ஸைக் குறைத்து, காய்ந்த புல்லைத் தாராளமாகப் போடவேண்டும். உடம்பும் தேறும், குணமும் மெல்ல மாறும். அதற்கு ஆறு மாதமாவது ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நான் ஓட்ஸோடு புல்லையும் பாதியாக வெட்டினேன். வேளைக்கு ஒரு பால்மாவு டின் ஓட்ஸ். மேலே குவிந்தால் விரலால் வழித்துவிடுவேன்.

அப்போது பத்துமலையில் காவடி எடுக்க நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். இந்தக் குதிரை அடங்கவேண்டும் என்பதே வேண்டுதல். ஒருவேளைச் சோறு, தரையில் பாய். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து என்னோடு வேலை செய்தவன் புல்லின் அளவைப் பார்த்துவிட்டு, குதிரைக்கும் விரதமா அண்ணே என்று கேட்டான். ஆமாம், ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருக்கிறோம் என்றேன். சிரித்தோம். குதிரை பசியில் மரத்தடுப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஐந்தாவது வாரம் அடங்கிவிட்டது. யார் ஏறினாலும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. முருகன் கண் திறந்துவிட்டான் என்று மனதார நம்பினேன். அவ்வளவு கேவலமான ஆள் நான். காவடி இறக்கிய மறுவாரம் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலை போட்டு ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடித்தேன். குதிரைக்கு மட்டும் அதே ஒரு டின்தான்.

சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு பல் டாக்டர் பன்னிரண்டு வயது மகளோடு பார்க்க வந்தார். வருவதற்கு முன்பே தவிட்டை ஊறவைத்துக் கொடுத்து வயிற்றை நிரப்பிவைத்திருந்தேன். விலா எலும்பு தெரிகிறதே என்றார். ரேஸ் குதிரை உடம்பே அப்படித்தான் என்றேன். அந்தப் பெண் அதன் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். என்ன தீனி, எவ்வளவு என்று கேட்டு அவர் ஒரு தாளை எடுத்தார். ஒரு டின் என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். வேளைக்கு நாலு டின், புல் கேட்கிற அளவுக்கு என்றேன்.

“நல்லா போடுங்க பாஸ். சாப்பாட்டுல மட்டும் கை வைக்காதீங்க.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் வாங்கிப்போய் இரண்டு மாதம் கழித்து, குதிரையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி முதலாளிக்குப் போன் வந்தது. லோரியோடு கிள்ளானில் பல் டாக்டர் குதிரையைக் கட்டியிருந்த இடத்துக்குப் போனேன். ஆளே மாறிப் பளபளவென்று, கால் தரையில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்கி எறிந்திருக்கிறது. இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பழையபடி நடப்பாளா என்று தெரியாதாம். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

“நீங்க சொன்ன அளவுதான்ணே. ஒரு வேளைகூட தவறல. நான் எங்க தப்பு பண்ணேன்?”

“ரேஸ் குதிரைய நம்ப முடியாதுலா பாஸ்,” என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் ஏதோ ஆறுதல் சொன்னதுபோல என் தோளைத் தொட்டார்.

மறுநாள் காலை மிருக டாக்டர் ஊசியோடு வந்தார். குதிரை அசையாமல் நிற்க ஏதாவது தின்னக் கொடு என்றார் முதலாளி. மூட்டை நிறைய ஓட்ஸ் இருந்தது. டின்னில் அள்ளினேன். மேலே குவிந்திருந்ததை என் விரல் வழித்து மூட்டைக்குள்ளேயே தள்ளிவிட்டது.